மதிப்பிட்ட அளவு

வாண்டா விமான நிலையத்தின் பின்பக்கம்,
சரக்குக் கூடத்தை ஒட்டிய மூன்றாம் மாடியில்
என் மேசை.
நான் பறப்பதில்லை.
பறப்பவர்களின் உடம்பில் என்ன இறங்கியது என்று
உட்கார்ந்த இடத்திலிருந்து கணக்குப் போடுகிறேன்.

புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம்,
எத்தனை அடி உயரம், எந்த அட்சரேகை,
அந்த மாதம் சூரியனின் குணம் எப்படி.
ஐந்தையும் ஊட்டினால் கணினி ஓர் எண்ணைத் துப்பும்.
யார் சட்டைப்பையிலும் அளவுமானி கிடையாது.
உள்ளே போனதை ஒருவரும் எண்ணவில்லை.
போயிருக்கும் என்கிறோம்,
மூன்று தசமத் துல்லியத்தில்.

எப்போதோ வெடித்துப்போன ஒரு விண்மீனின் துகள்,
(படிவத்தில் இதற்கு இடமில்லை)
யார்மீதும் மோதாமல் அத்தனை காலம் வந்து
வடதுருவத்துக்கு மேலே
காபி ஊற்றிக்கொண்டிருக்கும் ஒரு மணிக்கட்டில்
நுழைந்து வெளியேறுகிறது.
காபி சிந்தவில்லை.
பால் வேண்டுமா என்ற கேள்வி
பாதியில் நிற்கவில்லை.

போன மார்ச்சில் ஓர் இரவு சூரியன் தும்மியது.
டோக்கியோவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த கேப்டன் ஓய்வா
விமானத்தை ஏழாயிரம் அடி கீழே இறக்கினார்.
கனத்த காற்றில் எஞ்சின் எரிபொருளை மடமடவெனக் குடித்தது.
ஏன் என்று எரிபொருள் பிரிவு கேட்டதற்கு
ஒரே வரியில் பதில்:
'பின்னால் பதினொரு பேர் வேலையில் இருந்தார்கள்.'
பயணிகள் அன்று விளக்கை அணைக்கச் சொல்லி,
ஜன்னலில் வழிந்த பச்சை வெளிச்சத்தைப் படம் பிடித்து,
கைதட்டினார்களாம்.

நவம்பரில் ஹெல்யா வந்தாள்.
இருபத்தாறு வருடப் பணி. கோட்டைக் கழற்றவில்லை.
இடது மார்பில் மூன்று தையல்.
'எந்த விமானம்?' என்றாள்.

திரையை அவள் பக்கம் திருப்பினேன்.
இரண்டாயிரத்துச் சொச்சம் வரிகள்,
ஒவ்வொன்றின் நுனியிலும் சுழியம், புள்ளி, சுழியம்.
விரலை வைத்துப் படித்துக்கொண்டே போனாள்.
இதில்தான் மார்க்குவைச் சந்தித்தேன், பதினேழாம் வரிசை.
இது அம்மாவுக்காக லீவு கேட்டுக் கிடைக்காத நாள்.
இதில் ஒரு குழந்தை என் மடியில் வாந்தி எடுத்து
அப்படியே தூங்கிப்போனது.
நான் மில்லிசீவர்ட் என்று வைத்திருந்த பத்தியை
அவள் நாட்குறிப்பாகப் படித்தாள்.

எந்த விமானமும் இல்லை, ஹெல்யா.
எல்லா விமானமுமாக இருக்கலாம்.
இருபத்தாறு வருடம் இரவைப் பகலாக்கியதாக இருக்கலாம்.
உன் பெரியம்மாவின் ரத்தமாக இருக்கலாம்.
காரணமே இல்லாமலும் இருக்கலாம்.
ஆய்வுகள் 'சற்றே அதிகம்' என்கின்றன.
சற்றே என்பது
ஆயிரம் பேருக்குச் சேர்த்து அளவெடுத்த சட்டை.
ஒருத்திக்குப் போட்டால்
தோளிலேயே நிற்காது.
இதில் எதையும் நான் சொல்லவில்லை.
அச்செடுத்துக் கொடுத்தேன். நாற்பத்திரண்டு தாள்.
நடுவில் மை தீர்ந்து, மாற்றும்வரை
இருவரும் அந்த இயந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

இன்று காலை டைமி.
இருபத்தொன்பது வயது, சீருடையில் மடிப்புக் கலையவில்லை.
கணவனுக்கு முன்னால் எனக்குச் சொன்னாள்,
ஏனென்றால் என்னிடம்தான் படிவம் இருக்கிறது.
வாழ்த்துகள் என்றேன். கையெழுத்து இங்கே என்றேன்.
இனிப் பிறக்கும்வரை ஒரு மில்லிசீவர்ட்டுக்கு மேல்
அந்த உயிருக்கு அனுமதியில்லை.
நாளை முதல் தரையில் வேலை.

ஆனால் விதி,
அவள் வாய்விட்டுச் சொன்ன நிமிடத்திலிருந்துதான்
அந்த உயிரை எண்ணத் தொடங்குகிறது.
அதற்கு முன் பறந்த மூன்று துருவப் பயணங்களும்
தாயின் பெயரில் மட்டும்.
தெரியாமல் ஏறிய பயணிக்குக் கணக்கு இல்லை.
புது வரி ஒன்று திறந்து பார்த்தேன்.
ஊழியர் எண் இல்லாமல் சேமிக்க முடியாது என்றது கணினி.

கதவருகே நின்று டைமி கேட்டாள்:
'மூன்று தடவையும் பின்கதவு ஜன்னல் ஓரமாக நிற்காமல்
நடுவில் நின்றிருந்தால்
குறைந்திருக்குமா?'

இல்லை என்றேன்.
அது வரும்போது
அந்தத் தகட்டுக்கு
எல்லாப் பக்கமும் ஜன்னல்தான்.